இரட்டைச் சிலிண்டரில் குகைமூழ்கல்: இடது போஸ்டுக்கு எந்த ரெகுலேட்டர்?

கிணற்றுத்தவளை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அட்லாண்டாவில் வசிக்கிறேன். சில ஆண்டுகளாகத் திறந்த நீரில் ஒற்றைச் சிலிண்டரோடு மூழ்கி வருகிறேன். வடக்கு ஃபுளோரிடாவின் ஜின்னி ஸ்பிரிங்ஸில் குகைமுகப் பயிற்சியை முடித்துவிட்டேன். அடுத்ததாக முழுக் குகைப் பயிற்சிக்குச் சேர இருக்கிறேன். முதுகில் இரட்டைச் சிலிண்டர், இரண்டையும் இணைக்கும் மேனிஃபோல்ட் குழாய், அதன் நடுவில் இரண்டையும் பிரித்து மூட ஐசோலேட்டர் வால்வு, இரண்டு போஸ்டிலும் (ரெகுலேட்டர் மாட்டும் வால்வு முனை) தனித்தனி முதல் நிலை (சிலிண்டர் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் பாகம்) என்பது என் பயிற்றுநரின் நிபந்தனை.

என்னிடம் ஏற்கெனவே ஸ்கூபாப்ரோ எம்கே25 முதல் நிலையும், வாயில் வைத்துச் சுவாசிக்கும் ஜி260 இரண்டாம் நிலையும் இருக்கின்றன. இவற்றை நீள ஹோஸோடு வலது போஸ்டில் மாட்டிவிட்டு, இடது போஸ்டுக்குச் சமநிலைப்படுத்தப்படாத மலிவான பிஸ்டன் ரெகுலேட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். கழுத்தில் ரப்பர் வளையத்தில் தொங்கும் இரண்டாம் நிலை எப்போதாவது பயன்படுகிற மாற்றுதானே? அதில் மிச்சமாகும் பணத்தை நல்ல முதன்மை விளக்குக்கு ஒதுக்கலாம் என்பது என் கணக்கு. இதில் பிழை இருக்கிறதா? கூடவே, முதல் நிலையின் வால்வை இயக்குவது பிஸ்டனா டயஃப்ரமா (வளையும் சவ்வு) என்ற பழைய சண்டையில் குகைக்காரர்கள் எந்தப் பக்கம் என்றும் அறிய ஆவல்.

ஆழிப்பேரன் எழுதியது:

தவளையாரே, உங்கள் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. கழுத்தில் தொங்குவதை எப்போது வாயில் வைப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கூட்டாளிக்கு வாயு தீர்ந்துவிட்டது என்றால், நீங்கள் சுவாசித்துக்கொண்டிருக்கும் நீள ஹோஸ் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்து அவருக்குக் கொடுப்பீர்கள். அந்தக் கணத்திலிருந்து குகை வாய்க்கு வெளியே வரும்வரை நீங்கள் உயிர் வாழ்வது அந்த "எப்போதாவது" ரெகுலேட்டரில்தான். இந்த நிலைமை குகையின் மிகத் தொலைவான இடத்தில், மூச்சு வாங்கும் வேகம் உச்சத்தில் இருக்கும்போது வரலாம் என்று எண்ணியே எல்லாத் திட்டத்தையும் போடுகிறோம்.

எண்களில் சொல்கிறேன். 12 லிட்டர் சிலிண்டர் இரண்டில் 200 பார் இருந்தால் மொத்தம் 4,800 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு விதிப்படி உள்ளே போக 1,600, திரும்ப 1,600, கூட்டாளிக்காக 1,600. ஜின்னியின் முதன்மைச் சுரங்கங்களில் ஆழம் சுமார் 30 மீட்டர், அதாவது சுற்றழுத்தம் 4 பார். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கும் ஒருவர் அங்கே 80 லிட்டர் எடுப்பார். பதற்றத்தில் அது எளிதாக இரண்டு மடங்காகும். இரண்டு பேர் ஒரே மேனிஃபோல்டிலிருந்து எடுக்கும்போது சிலிண்டர் அழுத்தம் சரசரவென்று இறங்கும்.

இங்கேதான் சமநிலைப்படுத்தப்படாத பிஸ்டன் காலை வாரும். அதன் வடிவமைப்பில் சிலிண்டர் அழுத்தமே வால்வைத் திறக்கத் துணைபுரிகிறது. ஆகவே சிலிண்டர் காலியாகக் காலியாக, முதல் நிலை இரண்டாம் நிலைக்கு அனுப்பும் இடைநிலை அழுத்தமும் குறைந்துகொண்டே வரும், மூச்சு இழுப்பது கடினமாகிக்கொண்டே போகும். கடற்கரை ஓரம் 12 மீட்டரில் ஒற்றைச் சிலிண்டரோடு போகிறவருக்கு இது பெரிய குறையே அல்ல, அந்த ரெகுலேட்டர்கள் அங்கே பல பத்தாண்டுகள் உழைத்திருக்கின்றன. குகையில், ஆழத்தில், சிலிண்டரின் கடைசிப் பங்கில், அதிக வேகத்தில் சுவாசிக்க வேண்டிய நேரத்தில் மட்டும் அது தன் பலவீனம் முழுவதையும் காட்டும். விளக்கை அடுத்த ஆண்டு வாங்குங்கள்; பயிற்சிக்கு வாடகை விளக்கு கிடைக்கும்.

நீள ஹோஸ் என்ற ஏற்பாட்டின் வரலாற்றையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஷெக் எக்ஸ்லியைத்தான் இதன் முன்னோடியாகப் பலரும் சொல்வார்கள். 1970களில் ஃபுளோரிடாக் குகை மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து பாதுகாப்பு விதிகளை வகுத்தவர் அவர். இடுக்கு வழியில் இருவர் பக்கம் பக்கமாக நீந்த முடியாது, ஒருவர் பின் ஒருவராகத்தான் வர வேண்டும் என்பதால் 7 அடி ஹோஸ் வழக்கமானது. வாயில் இருப்பதையே கொடுப்பது பின்னர் அதோடு இணைந்து நிலைத்த பழக்கம். அந்தப் பழக்கத்தை ஏற்றுக்கொண்ட பிறகு முதன்மை, மாற்று என்ற தர வேறுபாட்டுக்கு இடமில்லை.

பழைய பிஸ்டன் எழுதியது:

ரெகுலேட்டர்களைப் பிரித்துச் சர்வீஸ் செய்வது என் தொழில் என்பதால் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

சமநிலைப்படுத்தப்பட்ட பிஸ்டனும் சமநிலைப்படுத்தப்பட்ட டயஃப்ரமும் குகைக்குத் தேவையானதைவிட அதிக வாயுவைத் தரும். எம்கே25க்கு 200 பாரில் நிமிடத்துக்கு 8,500 லிட்டர் என்று தயாரிப்பாளர் அச்சிடுகிறார். எந்த நுரையீரலும் அதில் சிறு பங்கைத்தான் கேட்கும். ஆகவே விளம்பரத் தாளில் இருக்கும் பாய்வு எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐரோப்பிய ஈஎன் 250 சோதனை, 50 மீட்டர் ஆழத்தில் நிமிடத்துக்கு 62.5 லிட்டர் சுவாசத்தில் லிட்டருக்கு 3 ஜூல் என்ற மூச்சு உழைப்பு எல்லையை வைத்திருக்கிறது. இன்றைய நல்ல ரெகுலேட்டர்கள் அந்த எல்லைக்கு வெகு கீழேயே நிற்கின்றன.

நீங்கள் கேட்க வேண்டியது, அது பழுதாகும்போது எப்படிப் பழுதாகும், அதை முன்கூட்டியே எப்படிக் கண்டுகொள்வது என்பதைத்தான். இரு வகையிலும் பெரும்பாலும் முதலில் தேய்வது உயர் அழுத்த சீட், அதாவது முதல் நிலையின் வால்வை அடைக்கும் சிறு பாகம். அதன் பிளாஸ்டிக் முகத்தில் உலோக விளிம்பு நாளடைவில் ஒரு வட்டத் தடத்தைப் பதித்துவிடும். அந்தத் தடம் சீராக இருக்கும்வரை தவறில்லை. பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது தடத்தின் ஓரத்தில் மயிரிழை அளவு கீறலோ, உப்புத் துகள் குத்திய பள்ளமோ தெரிந்தால் அது கசியத் தொடங்கிவிட்டது என்று பொருள். கசிந்தால் இடைநிலை அழுத்தம் ஏறும். ஓர் எல்லைக்கு மேல் ஏறினால் இரண்டாம் நிலை தானே திறந்து வாயுவைக் கொட்டும்.

இதைக் கண்டுபிடிக்க எந்தப் பட்டறையும் வேண்டாம். விங்கை (முதுகிலுள்ள மிதவைப் பை) ஊதும் ஹோஸின் முனையில் மாட்டும் சிறிய இடைநிலை அழுத்த மானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிரம்பிய சிலிண்டரில் மாட்டி, வால்வை மெல்லத் திறந்து, இரண்டாம் நிலையின் பொத்தானைச் சில முறை அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு முறையும் முள் இறங்கி, எழுந்து, பெரும்பாலான மாதிரிகளில் 9 முதல் 10 பாருக்குள் ஓரிடத்தில் சட்டென்று நிற்க வேண்டும். 9.5க்கு வந்து, ஒரு கணம் தயங்கி, பிறகு 9.6, 9.8 என்று எறும்பு ஊர்வதுபோல் ஏறினால் அந்த முதல் நிலை தண்ணீருக்குள் போகக் கூடாது. பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு மீண்டும் பாருங்கள். சில சீட்கள் அவ்வளவு பொறுமையாகத்தான் ஏமாற்றும்.

என் வேலைமேசைக்கு வந்த ஒரு சோடியில் வலதுபுறம் முள் அசையாமல் நின்றது, இடதுபுறம் ஏறிக்கொண்டே இருந்தது. உரிமையாளர் வலதுபுறத்தை மட்டும் ஆண்டுதோறும் சர்வீஸுக்குக் கொடுத்து வந்திருக்கிறார், இடதுபுறம் "பயன்படுத்தாததால்" நன்றாக இருக்கும் என்று நம்பியிருக்கிறார். பயன்படுத்தாவிட்டாலும் ஓ-ரிங் காயும், இரண்டாம் நிலையின் சீட்டின் மேல் ஸ்பிரிங்கின் சுமை இருந்துகொண்டே இருக்கும்.

ஆகவே என் பரிந்துரை எளிமையானது. உங்கள் ஊரில் உதிரிப் பாகம் கிடைக்கிற, நம்பிக்கையான ஒருவர் சர்வீஸ் செய்கிற மாதிரியில், இரண்டு போஸ்டுக்கும் ஒரே சோடியை வாங்குங்கள். உதிரிப் பை ஒன்று போதும், கருவி ஒன்று போதும், கையும் காதும் ஒரே நடத்தைக்குப் பழகும்.

நிலவறை எழுதியது:

பிஸ்டன் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் "இரண்டும் ஒன்றுதான்" என்பதை அப்படியே விட முடியாது. நான் பிரான்ஸில் இருக்கிறேன், லோ பகுதியின் குகைகளில்தான் பெரும்பாலும் மூழ்குகிறேன். அங்கே நீரின் வெப்பநிலை 13, 14 டிகிரி. ஃபுளோரிடாவில் 22, மெக்சிகோவின் செனோட்டுகளில் (நீர் நிறைந்த இயற்கைக் குழிகள்) 25. நார்வேயின் ப்ளூரா குகைக்குப் போனால் ஒற்றை இலக்கம். இந்த வேறுபாடு ரெகுலேட்டர் தேர்வில் பெரிய இடத்தைப் பிடிக்க வேண்டும்.

திறந்த பிஸ்டனில் ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் சுற்றுநீர் நேரடியாகப் போய் வருகிறது. 200 பாரிலிருந்து 10 பாருக்கு விரியும் வாயு கடுமையாகக் குளிரும். வெளி நீரும் குளிர்ந்ததாக இருந்தால் அந்த அறையில் பனி படிந்து பிஸ்டன் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளலாம். இடைநிலை அழுத்தம் ஏறும், வாயு கொட்டும், கொட்டும் வாயு மேலும் குளிர்விக்கும். இதனால்தான் 10 டிகிரிக்குக் கீழே, சுற்றுநீர் உள்ளே புகாதபடி அடைப்பிட்ட டயஃப்ரம் மாதிரிகளையே பலரும் நம்புகிறார்கள். ஏபெக்ஸ் டிஎஸ்4, டிஎஸ்டி, ஸ்கூபாப்ரோ எம்கே17 போன்றவை அந்த வகை.

குளிர் இல்லாவிட்டாலும் சேறு இருக்கிறது. களிமண் படிந்த குகையில் சுவாசக் குமிழிகள் கூரையில் பட்டதும் துகள் உதிர்ந்து மழையாக இறங்கும். அடைப்பிட்ட டயஃப்ரத்தில் அது வெளித் தோலோடு நின்றுவிடும். திறந்த பிஸ்டனில் துளைகள் வழியே உள்ளே போய்ப் பிஸ்டன் தலையின் ஓ-ரிங்கை அரைக்கும். மூழ்கலுக்குப் பின் நன்னீரில் ஊறவைத்து அலசினால் சமாளிக்கலாம், மறுக்கவில்லை. அலசும் பொறுமை எல்லோருக்கும் நீண்ட நாள் மூழ்கலுக்குப் பிறகும் இருக்கிறதா என்பதுதான் என் சந்தேகம்.

பழைய பிஸ்டன் எழுதியது:

சகோதரி, குளிர் நீர் வாதத்தை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். சேறு வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஃபுளோரிடாவில் எம்கே25 வகைப் பிஸ்டன்களை நீண்ட காலமாகக் குகையில் பயன்படுத்துகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள், அவற்றின் உள்ளே நான் பார்த்த தேய்மானம் கடல் உப்பு செய்யும் சேதத்தின் அருகில்கூட வராது. மேலும் பிஸ்டனில் நகரும் பாகங்கள் குறைவு. டயஃப்ரத்தில் பாகங்கள் கூடுதல், அதில் ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் கசியும். திறமையற்ற கையில் டயஃப்ரம் சர்வீஸ் பிஸ்டனைவிட எளிதில் கெடும்.

பக்கவாட்டு எழுதியது:

மெக்சிகோவில் துலூம் பக்கம் வந்து பாருங்கள். சிலிண்டர்களைப் பக்கவாட்டில் தொங்கவிட்டால் வால்வு கண்ணுக்கு முன்னால் இருக்கும். எந்த ரெகுலேட்டர் கொட்டுகிறது என்று கண்ணால் பார்த்துக் கையால் மூடலாம். மேனிஃபோல்டும் வேண்டாம், தோளுக்குப் பின்னால் கையை வளைக்கும் யோகாசனமும் வேண்டாம்.

நெறியாளர்:

பக்கவாட்டு முறைக்குத் தனி இழை இருக்கிறது. இந்த இழை முதுகு இரட்டைச் சிலிண்டருக்கு மட்டும்.

ஆழிப்பேரன் எழுதியது:

ஹோஸ் அமைப்பைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. முதல் நிலையின் துளைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பது வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம், ஏனென்றால் ஒற்றைச் சிலிண்டரில் அழகாக அமர்ந்த முதல் நிலை இரட்டையில் ஹோஸ்களை வெளிப்புறமாக நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படி நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வளைவும் வழிகாட்டிக் கயிற்றைப் பிடித்து இழுக்கும் கொக்கி.

வலது போஸ்டில் நீள ஹோஸும் விங் ஊதும் ஹோஸும். இடது போஸ்டில் கழுத்து ரெகுலேட்டரின் குறுகிய ஹோஸ், அழுத்தமானி, டிரை சூட் (நீர் புகாத உடை) அணிந்தால் அதன் ஹோஸ். இந்தப் பிரிவினை யாரோ விருப்பப்படி வகுத்தது அல்ல. குகைக் கூரையில் உரசிக்கொண்டே முன்னோக்கி நீந்தினால் இடது வால்வின் குமிழ் மூடும் திசையில் சுழலும், வலது குமிழ் திறக்கும் திசையில் சுழலும். ஆகவே தெரியாமல் மூடிக்கொள்ளக்கூடியது இடதுபுறம்தான். நீங்கள் சுவாசிப்பதும், கூட்டாளிக்குக் கொடுக்கப்போவதும், மிதவையைக் காப்பதும் வலதுபுறத்தில் இருந்தால் அந்த நிகழ்வு உடனடி ஆபத்தாக மாறாது. வலது போஸ்டையே மூட வேண்டி வந்தால் கழுத்து ரெகுலேட்டரும் டிரை சூட்டும் இடதுபுறத்திலிருந்து வேலை செய்யும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இடது வால்வு மூடிக்கொண்டால் அழுத்தமானி பூஜ்யத்துக்கு இறங்காது. ஹோஸில் அடைபட்ட வாயுவின் அழுத்தத்தையே காட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் வெகு நேரம் நீந்தியிருக்கிறீர்கள், முள் மட்டும் அதே 150 பாரில் உறைந்திருக்கிறது என்றால் "இன்று நன்றாகச் சேமிக்கிறேன்" என்று மகிழ வேண்டாம், கையை இடது வால்வுக்குக் கொண்டுபோங்கள். மானி பொய் சொல்லும்போது மூன்றில் ஒரு பங்கு விதியும் பொய்யாகிவிடும்.

இந்த அமைப்புக்கு ஏற்ற முதல் நிலையை எப்படி அறிவது? கடையிலேயே இரட்டைச் சிலிண்டரில் மாட்டிப் பாருங்கள். சுழலும் தலையும் அதன் நுனியில் ஐந்தாவது துளையும் உள்ள மாதிரிகளில் நீள ஹோஸை நேரே கீழ்நோக்கி இறக்கலாம். டிஎஸ்4 போலச் சுழலாத தலை உள்ளவற்றில் துளைகளின் கோணம் தற்செயலாகவே இரட்டைக்குப் பொருந்திவருகிறது, உயரமும் குறைவு. இணைப்பு திருகு வகையான டிஐஎன் ஆகத்தான் இருக்க வேண்டும். கவ்வி வகை கூரையில் இடித்தால் நகர்ந்து ஓ-ரிங் பிதுங்கும். 300 பார் டிஐஎன் திருகு 232 பார் வால்விலும் பொருந்தும், 200 பார் திருகு 300 பார் வால்வில் அடைத்து உட்காராது என்பதையும் கவனியுங்கள்.

கிணற்றுத்தவளை எழுதியது:

மிகவும் நன்றி. மலிவான இடதுபுறம் என்ற எண்ணத்தைக் கைவிட்டேன். இரண்டு கேள்விகள் மீதமுள்ளன. ஜின்னியின் டெவில்ஸ் இயர் குகை வாயில் நீரோட்டம் முகத்தில் அறையும்போது என் ஜி260 சில நேரம் சீறுகிறது. இதற்கு ரெகுலேட்டரை மாற்ற வேண்டுமா? அடுத்து, நீள ஹோஸுக்கு ரப்பர் நல்லதா, வளைந்து கொடுக்கும் பின்னல் ஹோஸ் நல்லதா?

பழைய பிஸ்டன் எழுதியது:

முதல் கேள்விக்கு மாற்ற வேண்டாம். ஓட்டம் முன்மூடியின் வழியே உள் டயஃப்ரத்தை அழுத்துகிறது, அது பொத்தானை அழுத்துவதற்குச் சமம். வென்சுரி நெம்புகோலை (மூச்சுக்குத் துணைபுரியும் வாயு ஓட்டத்தைக் கூட்டிக் குறைப்பது) குறைந்த நிலைக்குத் தள்ளி, மூச்சுத் தடைக் குமிழைச் சற்று உள்ளே திருகினால் சீற்றம் அடங்கும். இந்த இரண்டு கட்டுப்பாடும் இருக்கும் இரண்டாம் நிலையை நான் குகைக்கு விரும்புவது இதற்காகத்தான், நீரடி ஸ்கூட்டரோடு போகிறவர்களுக்கும் இது பொருந்தும். கழுத்தில் தொங்குவதை எப்போதும் குறைந்த நிலையிலேயே வையுங்கள், இல்லாவிட்டால் குதித்தவுடன் தாடைக்குக் கீழே கொட்டத் தொடங்கும்.

கழுத்து ரெகுலேட்டர் எவ்வளவு கடினமாக இருக்கலாம் என்றும் அளந்துகொள்ளலாம். வாய்க்குழல் மேல்நோக்கி இருக்கும்படி இரண்டாம் நிலையை ஒரு தொட்டி நீரில் மெல்ல இறக்குங்கள். டயஃப்ரத்தின் மீது நீர்மட்டம் எத்தனை சென்டிமீட்டர் ஏறும்போது சீறல் தொடங்குகிறதோ அதுவே திறப்பு அழுத்தத்தின் தோராயமான அளவு. முதன்மையானது 2.5 முதல் 3 சென்டிமீட்டரில் திறந்தால் நன்று. மாற்று 4 சென்டிமீட்டர் வரை போகலாம். அதற்கு மேல் போனால், மோசமான நேரத்தில் மோசமான ரெகுலேட்டர் வேண்டாம் என்று ஆழிப்பேரன் சொன்ன இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள்.

ஹோஸைப் பொறுத்தவரை நான் ரப்பர்காரன். சில பின்னல் ஹோஸ்களின் பாலியூரிதீன் உள்குழாய் வெப்பத்திலும் ஈரத்திலும் நாளடைவில் சிதைந்து, உள்ளே மஞ்சள் படிகங்கள் சேர்ந்து வாயுவை அடைத்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. வெளியே பின்னல் புதியதுபோல் பளபளக்கும். ரப்பர் வெடிப்பு விட்டால் கண்ணுக்குத் தெரியும், வளைத்துப் பார்த்தால் கைக்கும் தெரியும். எடை சற்றுக் கூடுதல், கழுத்தைச் சுற்றும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அவ்வளவுதான்.

நிலவறை எழுதியது:

ஹோஸில் நானும் ரப்பர் கட்சிதான். ஒரு சேர்க்கை: உயர் அழுத்த ஹோஸ் வெடிப்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம், ஆனால் அதன் வாயில் உள்ள துளை மிக நுண்ணியது என்பதால் வாயு மெதுவாகத்தான் போகும். குறைந்த அழுத்த ஹோஸ் கிழிந்தால்தான் கொட்டு கொட்டென்று கொட்டும். எந்த ஓசை வந்தாலும் எந்த வால்வை முதலில் மூடுவது, ஐசோலேட்டரை எப்போது மூடுவது என்ற பயிற்சியைக் கண்ணை மூடிக்கொண்டும் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். மூடிய போஸ்டில் உறைந்த முதல் நிலை சிறிது நேரத்தில் இளகிவிடுவதும் உண்டு, மூடிவிட்டோம் என்பதற்காக அதைச் செத்ததாகக் கருத வேண்டாம்.

கிணற்றுத்தவளை எழுதியது:

முடிவு இதுதான். நான் போகப்போவது 22 டிகிரி நீருக்கு, வீட்டுக்கு அருகில் எம்கே25 சர்வீஸ் செய்கிறவர் இருக்கிறார், ஆகவே அதே சோடியை இன்னொன்று வாங்கி இரண்டையும் ஒரே நாளில் சர்வீஸுக்குக் கொடுக்கப்போகிறேன். நிலவறை அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அழுத்தமானி இரண்டு வேண்டுமா, ஒன்று போதுமா?

நிலவறை எழுதியது:

கோபமில்லை. பிரான்ஸுக்கு வரும்போது அவற்றை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், இங்கே டயஃப்ரம் சோடி வாடகைக்குக் கிடைக்கும்.

ஆழிப்பேரன் எழுதியது:

ஒன்று போதும், இடது போஸ்டில் சுமார் 60 சென்டிமீட்டர் ஹோஸோடு, இடது இடுப்பு வளையத்தில் கொக்கியிட்டு வையுங்கள். மேனிஃபோல்ட் திறந்திருக்கும்வரை இரு சிலிண்டருக்கும் அழுத்தம் ஒன்றே. இரண்டாவது மானி கசியக்கூடிய இடங்களைக் கூட்டுமே தவிர புதிய தகவல் தராது. வலது முதல் நிலையின் உயர் அழுத்தத் துளைகள் இரண்டையும் அடைப்பான் இட்டு மூடி, அவற்றின் ஓ-ரிங்கையும் சர்வீஸ் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பல பட்டறைகள் அடைப்பான்களைத் தொடுவதே இல்லை. சர்வீஸ் முடிந்து வந்ததும் நேராகக் குகைக்குள் எடுத்துச் செல்லாதீர்கள். முதலில் ஜின்னியின் திறந்த நீர்க் குளத்தில் 5 மீட்டரில் இறங்கி, இரண்டு ரெகுலேட்டரிலும் மாறி மாறிச் சுவாசித்து, வால்வுப் பயிற்சியை முழுதாக ஒருமுறை செய்துவிட்டு, நீள ஹோஸைக் கூட்டாளியிடம் முழு நீளத்துக்கும் கொடுத்துப் பாருங்கள். சர்வீஸில் நேர்ந்த பிழை பெரும்பாலும் அந்த முதல் மூழ்கலிலேயே வெளிப்பட்டுவிடும்.